சாயத் தொட்டிக்கு வந்த மரியாதை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டப்பகலில் ஒரு கொலை நடந்தது. மேளம் வாசித்தார்கள். கைதட்டினார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். கொலைக்கருவி, பளபளவென்று துலக்கிய ஒரு பித்தளைச் சொம்பு.

கொலையானது ஒரு பச்சைப்பயறுச் செடி.

செடிதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் செடியோடு ஒரு மரத்தின் தலையெழுத்தும், அந்த மரத்தோடு ஒரு வகுப்பறையும் முடிச்சுப் போடப்பட்டிருந்தன.

லோகாம்பாள் நினைவு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கட்டடம் கிடையாது. பழைய கட்டடம் ஆபத்தானது என்று இடித்துவிட்டார்கள். புதிய கட்டடம் கோப்பில் இரண்டு மாடிவரை எழும்பியிருந்தது. அது கோப்பிலிருந்து இறங்கித் தரைக்கு வரும்வரை, மைதானத்துப் பாதாம் மரம்தான் வகுப்பறை. அடிமரத்தில் கரும்பலகை. மேலே கிளைகள்தான் கூரை. பழுத்த பாதாம் ஒன்று தலையில் விழுந்தால் அதுதான் இடைவேளை மணி.

அந்த மரத்தடியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் ஏலவார்குழலி. எல்லோருக்கும் குழலி டீச்சர். குரலை உயர்த்தாமலேயே வகுப்பை அடக்கும் ரகம். ஆனால் பெரிய மனிதர்கள் யாராவது தப்பாகப் பேசினால், ‘நமக்குத்தான் புரியவில்லையோ’ என்று ஒரு நிமிடம் குழம்பிப் போவார். அந்த ஒரு நிமிடத்துக்குள் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பிரச்சினை பக்கத்துச் சுவரில் ஆரம்பித்தது.

சுவருக்கு அந்தப்புறம் முத்துக்குமாரின் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டு மிஞ்சும் தண்ணீரை அவர் தெருக் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தார். கால்வாய் அடைத்துக்கொண்டது. உடனே தலைமையாசிரியர் கலியாணசுந்தரத்திடம் வந்து தலையைச் சொறிந்தார்.

“சுவத்துல சின்னதா ஒரு ஓட்ட போட்டுக்கறேன் சார். தண்ணி உங்க கிரவுண்டு வழியா அப்படியே ஓடி, பின்னால இருக்கற பெரிய கால்வாய்ல விழுந்துரும். ஸ்கூல் முழுக்க நானே பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன். கலர் மட்டும் நீங்க சொல்லுங்க.”

அந்த வாய்க்கால் வரும் வழி பாதாம் மரத்தின் வேர்மேல் இருந்தது.

“தண்ணிதானேம்மா குழலி? மரத்துக்கு நல்லதுதானே?” என்றார் கலியாணசுந்தரம்.

“நல்லதா கெட்டதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம் சார்.”

இப்படித்தான் இரண்டு மண்தொட்டிகள் மரத்தடிக்கு வந்து சேர்ந்தன. ஒரே அளவுத் தொட்டி. ஒரே மண். ஒரே கைப்பிடியிலிருந்து எடுத்த பச்சைப்பயறு. ஒரே வெயில். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றுக்குச் சாயத் தண்ணீர்.

“சாயத் தொட்டிய மட்டும் வெய்யில்ல வெச்சிட்டா இன்னா ஆவும் டீச்சர்?” என்று கேட்டாள் வகுப்புத் தலைவி தேவிப்ரியா.

“செடி செத்துப் போச்சுன்னு வை. எதனால செத்துச்சுன்னு சொல்லுவே?”

“வெய்யிலான்னும் தெரியாது, சாயமான்னும் தெரியாது.”

“அவ்ளோதான். ஒண்ணை மட்டும் மாத்து. மிச்சம் எல்லாத்தையும் அப்படியே வை.”

வகுப்பு புரிந்துகொண்டது. இந்த மாவட்டத்தில் அதைப் புரிந்துகொண்ட கடைசிக் கூட்டம் அதுதான்.

ஏனென்றால் குழலி டீச்சர் அன்று மாலை ஒரு தவறு செய்தார். இரண்டு தொட்டிகளையும் படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டுவிட்டார்.

படம் போய்ச் சேர்ந்த இடம், மாவட்டப் பள்ளிச் சுற்றுச்சூழல் பரிசோதனை மேம்பாட்டுப் பிரிவு. அந்தப் பிரிவு அதுவரை தன் பெயர்ப் பலகையை எந்தப் பக்கம் மாட்டுவது என்ற ஒரே பணியில் ஈடுபட்டிருந்தது. மாவட்டத்தில் உண்மையிலேயே ஒரு பரிசோதனை நடக்கிறது என்ற செய்தி அங்கே பேரதிர்ச்சியை உண்டாக்கியது. எல்லாப் பள்ளிகளும் இதே பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று உடனே உத்தரவு பறந்தது.

அடுத்த வாரமே தரவு அலுவலர் காந்தா வந்து இறங்கினார். கையில் டேப்லெட். தொட்டிகளைப் பார்க்கவில்லை. தேவிப்ரியா சார்ட்டில் எழுதி வைத்திருந்த உயரங்களைப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது.

“வெள்ளிக்கிழமை ஒரு உயரம் போட்டிருக்கீங்க. திங்கட்கிழமை அதைவிட அதிகம். நடுவுல சனி, ஞாயிறு லீவு.”

“ஆமாங்க மேடம்.”

“லீவு நாள்ல யார் அனுமதியில வளர்ந்தது?”

குழலி டீச்சர் அந்த ஒரு நிமிடக் குழப்பத்தில் விழுந்தார். எழுவதற்குள் காந்தா அடுத்த திரைக்குப் போயிருந்தார்.

“தென்னேரி ஸ்கூல்ல பாருங்க. தாமல் ஸ்கூல்ல பாருங்க. எல்லாச் செடியும் ஒரே உயரம். எவ்ளோ ஒழுக்கமா இருக்குது! உங்க செடி மட்டும் ஏன் இஷ்டத்துக்கு நிக்குது?”

“தாமல்ல எங்க ஃபிரெண்டு டீச்சரா இருக்காங்க மேடம். அவங்க இன்னும் விதையே போடலியே?”

“போடறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. அதுக்குப் பேர்தான் முன்கூட்டிய திட்டமிடல்.”

காந்தா கிளம்ப எழுந்தார். அப்போதுதான் கலியாணசுந்தரம் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார், கையில் பித்தளைச் சொம்போடு.

கலியாணசுந்தரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரத்தில் கோயில் திருவிழாக் கமிட்டியில் இருந்தார். யாருக்கு முதலில் மாலை, யாருக்கு முதலில் தீர்த்தம், யாருக்குத் தலையில் பரிவட்டம் என்று வரிசை போடுவது அவர் பொறுப்பு. காஞ்சிபுரத்தில் அந்த வரிசை ஒரு ஆள் மாறினால் போலீஸ் ஸ்டேஷன்வரை போகும். ஆகவே, வந்த விருந்தாளி எந்த மரியாதையும் பெறாமல் திரும்புவதை அவர் உடம்பு தாங்காது.

“மேடம், வந்தது வந்தீங்க. உங்க கையால ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் போங்க.”

காந்தா ஊற்றினார். குழாய்த் தண்ணீர்த் தொட்டிக்குத்தான். சாயத் தொட்டியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “அதை நீங்களே பாத்துக்குங்க” என்று இரண்டடி தள்ளி நின்றார்.

ஒரு சொம்பு. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொம்பு ஒரு அளவுகோலாகிவிட்டது.

அடுத்து வந்தவர் வட்டார அலுவலர். காந்தாவைவிட ஒரு படி மேல். அவருக்கும் ஒரே சொம்பு என்றால் என்ன அர்த்தம்? கலியாணசுந்தரம் இரண்டு சொம்பு கொடுத்தார். இது மாவட்டம் முழுவதும் பரவியது. மூன்று சொம்பு ஊற்றத் தகுதியுள்ளவர்கள் எல்லாம் பள்ளிக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரே கிரேடில் இருந்த இருவர் ஒரே நாளில் வந்துவிட, யார் முதலில் என்று வாக்குவாதமாகி, கடைசியில் ஒரே சொம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஊற்றினார்கள். இருவருமே தனித்தனியாகப் படத்தில் இல்லை என்பதால் மறுபடியும் தனித்தனியாக ஊற்றினார்கள்.

“சார், ஒரு டம்ளர்தான் கணக்கு” என்றார் குழலி டீச்சர்.

“அது உங்க கணக்கும்மா. இது மரியாதை.”

“செடிக்கு வித்தியாசம் தெரியாதே சார்.”

“அதனாலதான் அது செடி. நமக்குத் தெரியணும் இல்ல?”

குழாய்த் தண்ணீர்த் தொட்டி முதலில் வயலானது. பிறகு ஏரியானது. தவளை மட்டும்தான் வரவில்லை. செடி சாய்ந்தது, வேர் அழுகியது, ஒரு பெரிய பதவிக்காரர் ஐந்து சொம்பு ஊற்றியபோது மண்ணைவிட்டுக் கிளம்பி மெல்ல மிதந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

இந்த அமர்க்களத்தில் சாயத் தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைகள் அதன் பக்கமே வரவில்லை. தேவிப்ரியா ஒருத்திதான் தினமும் ஒரு டம்ளர் சாயத் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் செடி கூன் விழுந்து, மூன்று மஞ்சள் இலைகளோடு, காற்றே இல்லாதபோதும் நடுங்கிக்கொண்டு நின்றது.

ஆனால் நின்றது.

* * *

முடிவை அறிவிக்க ஒருங்கிணைப்பாளர் ஆதிகேசவனே நேரில் வந்தார். பிரிவின் தலைவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, உட்காரும்போது முறுமுறுத்தது. இரண்டு தொட்டிகளையும் பார்த்தார். ஒன்றில் தண்ணீரும் மிதக்கும் தண்டும். மற்றொன்றில் நடுங்கும் மஞ்சள்.

“வெற்றி!” என்றார்.

குழலி டீச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று.

“குழாய்த் தண்ணி ஊத்துன செடி செத்துப் போச்சு. சாயத் தண்ணி ஊத்துன செடி உயிரோட இருக்குது. இதுல ஆராய என்னம்மா இருக்குது? சாயத் தண்ணி ஊட்டச்சத்து!”

“சார், இலையெல்லாம் மஞ்சளா…”

“மஞ்சள் மங்களகரமான நிறம்தானே?”

“சார், தண்ணியோட வகை மட்டும் மாறணும். ஆனா இதுல அளவும் மாறிடுச்சு. ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர். இன்னொண்ணுக்கு வந்தவங்க எல்லாம் சொம்பு சொம்பா ஊத்துனாங்க. செடி அதனாலதான்…”

கலியாணசுந்தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ,” ஆதிகேசவன் ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார், “நாங்க ஊத்துனதாலதான் செடி செத்துச்சுங்கறீங்க.”

“ஊத்துன தண்ணியால சார்.”

“அது தண்ணி இல்லம்மா. மரியாதை. மரியாதை எப்படிம்மா ஒரு செடியக் கொல்லும்? காந்தா, நம்ம படிவத்துல மரியாதைன்னு ஒரு கட்டம் இருக்குதா?”

“இல்ல சார். தண்ணீர் வகை, செடியின் உயரம். ரெண்டே கட்டம்தான்.”

“கட்டம் இல்லாதது எப்படி நடந்திருக்கும்?”

காந்தா தரவை ஏற்றினார். குழாய்த் தண்ணீர்ச் செடியின் உயரம் கூடிக்கொண்டே போய்த் திடீரென்று பூஜ்யம் ஆவதை டேப்லெட் ஏற்க மறுத்தது. வரைபடம் கீழே இறங்கினால் மேலிடத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே அவர் தண்டு தண்ணீரில் மிதக்கும் உயரத்தை அளந்து போட்டார். வரைபடம் அழகாக மேலே ஏறியது.

“இன்னும் ஒண்ணு” என்று ஆதிகேசவன் எழுந்து நின்றார். சட்டை முறுமுறுத்தது. “இந்த ஸ்கூலை மாவட்டத்தின் முதல் சாயநீர்ப் பாசன மாதிரிப் பள்ளியா அறிவிக்கறேன். சுவத்துல வாய்க்கால் திறந்து இந்த மரத்துக்கே விடறோம். அடுத்த திங்கள், நானே ரிப்பன் வெட்டறேன்.”

பாதாம் மரம் ஒரு பழத்தைக் கீழே போட்டது. யார் தலையிலும் விழவில்லை.

* * *

அந்த வாரம் முத்துக்குமாரின் பட்டறைக்கு ராஜயோகம். வாட்டர் கேன், குடம், பெயின்ட் டப்பா என்று தூக்கிக்கொண்டு வாசலில் கூட்டம்.

“மயில்கழுத்துக் கலர்ல தண்ணி இருக்குதா?”

“எங்க வூட்டு ரோஜாவுக்கு மாம்பழ மஞ்சள்தான் ஒத்துக்கினு இருக்குதுபா. போன வாட்டி வேற கலர் குடுத்துட்டே.”

ஒரு கல்யாண மண்டபக்காரர், மண்டபத்து வாழைமரம் மணப்பெண் புடவைக்கு மேட்ச்சாக வளர வேண்டும் என்று முன்பதிவு செய்தார்.

முத்துக்குமார் மூச்சிரைக்கப் பள்ளிக்கு ஓடிவந்தார்.

“இன்னா டீச்சரம்மா இது? நூலு கேக்க ஆளில்ல, கழுவி ஊத்துனது கேட்டு சண்ட போட்டுக்கினு இருக்காங்க!”

“நீங்க உங்க முருங்கை மரத்துக்கு ஊத்துவீங்களா?”

“அய்ய! அது நாங்க சாப்புடற மரமாச்சே.”

“அப்போ எங்க மரம்?”

முத்துக்குமார் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு நாணயமாகவே சொன்னார்: “கவர்மென்ட்டே நல்லதுன்னு சொல்லிட்டாங்கம்மா. நான் யாரு வேணாம்னு சொல்ல?”

அன்று மாலை, கரும்பலகைக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தார் குழலி டீச்சர். குழப்ப நிமிடம் முடிந்திருந்தது. மூளை வேலை செய்தது.

செடியைக் கொன்றது மரியாதை. சாயத் தொட்டி பிழைத்தது, அதற்கு மரியாதை கிடைக்காததால். அப்படியானால் மறு பரிசோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மரியாதையை இடம் மாற்ற வேண்டும்!

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

“சார், ஜெயிச்ச தொட்டிக்கு இதுவரைக்கும் ஒரு சொம்பு மரியாதைகூடக் கிடைக்கலையே?”

கலியாணசுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முகம் வெளுத்தது. “அடக் கடவுளே. தோத்த தொட்டிக்கு அத்தன பேரு ஊத்தியிருக்காங்க. ஜெயிச்சது ஓரமா நின்னுக்கினு இருக்குதே!”

“ரிப்பன் வெட்ற அன்னியிலேர்ந்து அவங்க எல்லாரும் சாயத் தொட்டிக்கு ஊத்தட்டுமே சார். ஒரு வாரம் வரிசையா ஊத்தட்டும். அப்புறமா வாய்க்கால்ல தண்ணி விடலாம்.”

ஒரு வாரத்தில் சாயத் தொட்டி மூழ்கிவிடும். செத்த செடியைக் காட்டி வாய்க்காலை நிறுத்தலாம். திட்டம் கச்சிதம். கலியாணசுந்தரம் ஆனந்தத்தில் ஒரு படி மேலே போனார்.

“சொம்பால ஊத்தறது எல்லா மரியாதைக்கும் பொது. இது முதல் மரியாதை. தாரை வாக்கற மாதிரி, கையில வாங்கி ஊத்தணும். ஆதிகேசவன் சாருக்குத்தான் முதல்ல. அவரு முடிக்கறவரைக்கும் வேற யாரும் தொடக் கூடாது.”

குழலி டீச்சர் எல்லா மாறிகளையும் மனத்துக்குள் ஒருமுறை சரிபார்த்தார். மண், வெயில், விதை, அளவு, அதிகாரி. எல்லாம் சரி.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். முத்துக்குமார்.

* * *

திங்கட்கிழமை. மேளம். தோரணம். சுவரில் ஓட்டை தயார், அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன். ஆதிகேசவனின் தலையில் கலியாணசுந்தரம் தன் கையாலேயே பட்டுப் பரிவட்டம் கட்டினார். பின்னால் மற்ற அலுவலர்கள் பதவி வரிசையில் நின்றார்கள். மதியம் ஆதிகேசவனுக்கு இன்னொரு விழா இருந்தது. மாவட்டக் கை கழுவும் விழிப்புணர்வு விழா. சென்னையிலிருந்து செயலர் அம்மையார் வருகிறார். மேடையில் நின்று கை கழுவி, இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டப் போகிறவர் ஆதிகேசவன்.

முத்துக்குமார் ஒரு சின்ன அண்டாவோடு வந்தார். மூடியை எடுத்தார். உள்ளே ஆழ்ந்த அரக்குச் சிவப்பு, வெதுவெதுப்பாக ஆவி பறந்தது.

கலியாணசுந்தரம் அண்டாவில் சொம்பை முக்கினார். ஆதிகேசவன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்தார். வாங்கினார், தொட்டியில் விட்டார். வாங்கினார், விட்டார். பதவிக்கேற்பப் பத்து முறை. சாயத் தொட்டி தளும்பி வழிந்தது. கூன் விழுந்த செடி ஒரு பெருமூச்சோடு மண்ணைவிட்டுக் கிளம்பியது.

ஒரு வாரமே தேவைப்படவில்லை. ஒரு ஒருங்கிணைப்பாளர் போதும்.

கைதட்டல் அடங்கியதும் ஆதிகேசவன் கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

முழங்கைவரை கல்யாணப் புடவை நிறம்.

“துடைங்க” என்றார். துடைத்தார்கள். துண்டு சிவந்தது, கை வெளுக்கவில்லை. சோப்பு போட்டார்கள். சோப்பு சிவந்தது.

“ஏங்க முத்துக்குமார்,” குழலி டீச்சர் மெதுவாகக் கேட்டார், “கழுவுன தண்ணி இவ்ளோ கெட்டியாவா இருக்கும்?”

“இன்னாம்மா பேசறே நீ?” முத்துக்குமாருக்குக் கோபமே வந்துவிட்டது. “இம்மாம் பெரிய மனுசன் கையேந்தி வாங்கறாரு. அவருக்குப் போயி கழிவுத் தண்ணியா குடுப்பேன்? நூலே முக்காத புதுச் சாயம்மா. முதல் கொதி! ஒருவாட்டி ஏறிச்சுன்னா பொடவ கிழிஞ்சாலும் கலர் போவாது.”

அவர் பெருமையாகச் சிரித்தார். ஆதிகேசவன் தன் கைகளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் சிவந்திருந்தது.

அடுத்து நடந்ததுதான் அந்த மாவட்டத்தின் கல்வி வரலாற்றிலேயே மிகத் துல்லியமான அறிவியல் பரிசோதனை.

“ஆளுக்கொண்ணு கொண்டாங்க!” என்று அலறினார் ஆதிகேசவன். ஏழாம் வகுப்பு நாலா திசையிலும் பறந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. புளித்த தயிர் வந்தது. புளி, சாம்பல், சலவைச் சோடா, பற்பசை, மண்ணெண்ணெய். தேவிப்ரியா எங்கிருந்தோ நகப்பூச்சு அழிக்கும் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

கலியாணசுந்தரம் பதற்றத்தில் மண்ணெண்ணெய் தடவிய விரலிலேயே எலுமிச்சையைப் பிழிந்தார்.

“அடப் பாவி மனுசா!” ஆதிகேசவன் துள்ளிக் குதித்தார். பரிவட்டம் கண்ணில் சரிந்தது. “ஒரே விரல்ல ரெண்டையும் போட்டா எதால போச்சுன்னு எப்படிய்யா தெரியும்? ஒரு விரலுக்கு ஒண்ணு! ஒண்ணை மட்டும் மாத்துங்க! எல்லா விரலையும் ஒரே மாதிரி தேயுங்க, ஒரே நேரம் தேயுங்க. டேய், அந்தச் சுண்டு விரலைத் தொடாத! அதுக்கு ஒண்ணும் போடக் கூடாது. அதோட ஒப்பிட்டுப் பாத்தாதானே மத்தது வெளுத்துச்சான்னு தெரியும்! காந்தா, எழுதுங்க!”

“கட்டம் பத்தல சார்.”

“கட்டம் போடுங்கம்மா! எத்தனை வேணுமோ போடுங்க!”

காந்தா வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணால் பார்த்ததை எழுதினார். எலுமிச்சை: சிறிது வெளுப்பு. தயிர்: மாற்றமில்லை. பற்பசை: மாற்றமில்லை, மணம் நன்று. மண்ணெண்ணெய்: எரிச்சல், அலறல், வெளுப்பில்லை. சுண்டு விரல்: அரக்கு.

ஏழாம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மேளக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் மெல்லிசாக ஏதோ வாசித்தார்கள்.

குழலி டீச்சர் அருகே போனார். இந்த முறை குழப்ப நிமிடம் வரவில்லை.

“சார், ரெண்டையும் ஒரே விரல்ல போட்டா எதாலன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே.”

“ஆமாம்மா, தெரியாதுதானே!”

“அப்போ அந்தக் குழாய்த் தண்ணித் தொட்டி?”

மேளம் நின்றது.

ஆதிகேசவன் தன் சுண்டு விரலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று விடிவது போலிருந்தது. கலியாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாம் வகுப்பு முன்னால் சாய்ந்தது.

“அது செடிம்மா,” என்றார் ஆதிகேசவன். “இது என் கை.”

விடிந்தது உடனே இருண்டது. ஆனால் அவர் கண் அப்படியே சுவரின் ஓட்டைக்குப் போனது. ரிப்பனுக்குப் போனது. அங்கிருந்து மரத்தின் வேருக்குப் போனது.

“இந்தத் தண்ணியையா இங்க விடப் போறோம்?”

“ஆமாங்க சார்.”

“நாளைக்கே செயலர் அம்மா மாதிரிப் பள்ளியப் பாக்க வருவாங்க. நம்ம ஹெச்.எம். சும்மா இருப்பாரா? இங்கயும் கையேந்தச் சொல்லுவாரு!”

“கண்டிப்பா சொல்லுவேன் சார்,” என்றார் கலியாணசுந்தரம் பணிவோடு. “அவங்களுக்கு இருபது வாட்டி.”

ஆதிகேசவனின் உடம்பு நடுங்கியது, காற்றே இல்லாதபோது.

“மூடுங்க! அந்த ஓட்டையை இப்பவே மூடுங்க! செங்கல் எங்க? சிமென்ட் எங்க?”

சுவர் மூடும்வரை அவர் நகரவில்லை. முத்துக்குமாரின் தண்ணீருக்கு வேறு வழி வேண்டும் என்று, அடைத்த தெருக் கால்வாயைத் தூர் வார அங்கேயே நின்று நாலு பேருக்குப் போன் போட்டார். போனும் சிவந்தது. பல மாதமாக மனு போட்டும் வராத தூர் வாரும் வண்டி, ஒருவர் கை கறைபட்ட காரணத்தால் அன்று மாலையே வந்தது. மதிய விழாவில் ஆதிகேசவன் இரண்டு கைகளையும் உயர்த்தியதாகவும், கை கழுவாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிறந்த செயல்விளக்கம் என்று செயலர் அம்மையார் பாராட்டியதாகவும் பின்னால் கேள்விப்பட்டோம்.

சுற்றறிக்கை அந்த வாரக் கடைசியில் வந்தது. குழலி டீச்சர் மரத்தடியில் நின்று படித்துக் காட்டினார்.

“சாயநீரானது அலுவலர்களைக் கடுமையாகப் பாதிக்கிறது என்பது தக்க ஒப்பீடுகளுடன், ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. எனவே அலுவலர்கள் வந்து போகக்கூடிய எந்த இடத்திலும் அதைப் பாய்ச்சக் கூடாது. செடிகளின் மீதான விளைவு குறித்துப் போதிய தரவு இல்லை.”

தேவிப்ரியா கை தூக்கினாள். “டீச்சர், விடை கரெக்ட்டு, காரணம் தப்பு. எத்தினி மார்க்கு?”

“மரம் நிக்குது இல்ல?” என்றார் குழலி டீச்சர். “ஃபுல் மார்க்கு.”

அப்போது கலியாணசுந்தரம் மைதானத்தைக் கடந்து வேக வேகமாக வந்தார். போன் காதில் இருந்தது. முகத்தில் திருவிழாக் களை.

“குழலிம்மா, மேலிடத்துலேர்ந்து இன்னொரு குழு வருதாம், நம்ம பரிசோதனையப் பாராட்ட! தொட்டி எல்லாம் ரெடியா இருக்குதா? அது சரி, என் பித்தளைச் சொம்பைப் பாத்தீங்களா? திங்கட்கிழமையிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன்.”

ஏழாம் வகுப்பு முழுவதும் பாடப்புத்தகத்தில் ஆழ்ந்தது. அவ்வளவு ஆழமாக அது எப்போதும் ஆழ்ந்ததில்லை.

“இல்லையே சார்” என்றார் குழலி டீச்சர்.

தலைமையாசிரியர் தேடிக்கொண்டே போய்விட்டார். தேவிப்ரியா மெல்ல நகர்ந்தாள். அவள் மறைத்து நின்ற இடத்தில், கரும்பலகைக்குக் கீழே, பாதாம் மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவே, கழுத்துவரை மண் நிரப்பிய பித்தளைச் சொம்பு வெயிலில் பளபளத்தது. அதன் வாயில் பச்சைப்பயறு ஒன்று, எந்த மரியாதையும் கிடைக்காமல், இரண்டு இலை விட்டிருந்தது.